பதினாறு கட்டங்களில் ஒரு திரைச்சீலை

பதினோராவது கட்டத்தில் திரைச்சீலை தடுக்கியது.

உற்றுப் பார்த்தால்தான் தெரியும். லேப்டாப்பில் ஒரு வெள்ளைத் துணி காற்றில் மெல்ல உப்பியது, தளர்ந்தது, மறுபடி உப்பியது. அந்தத் தளர்ச்சியின் நடுவே எங்கோ, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஆணியில் மாட்டிக்கொண்டதுபோல் நின்று, விடுபட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தன் போக்கில் ஆடியது. நிமியா நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். நான்கு முறையும் அதே இடத்தில் அதே தடுக்கல்.

அவளுடைய வேலையே இதுதான். அசுன்சியோன் நகரத்தில் பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு கேம் கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடியே அசையும் பொருள்களைச் செய்து கொடுப்பாள். விளக்குச் சுடர், குட்டைத் தண்ணீர், அடுப்புப் புகை. நிஜமான ஒன்றை வீடியோ எடுத்து, அதில் அங்கங்கே பதினாறு படங்களைப் பொறுக்கி, ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, வரிசைக்கு நான்காக நான்கு வரிசையில் ஒரே பெரிய படத்துக்குள் அடுக்க வேண்டும். கேம் அந்தக் கட்டங்களை ஒன்றிலிருந்து பதினாறுவரை மளமளவென்று மாற்றிக் காட்டும். முடிந்ததும் மறுபடி ஒன்று. பதினாறாவதும் முதலாவதும் தையல் தெரியாமல் ஒட்டிவிட்டால் போதும், சுடர் காலத்துக்கும் எரியும், தண்ணீர் காலத்துக்கும் அலையும்.

இந்த முறை, பாழடைந்த பண்ணை வீடு ஒன்றின் படுக்கையறைக்குத் திரைச்சீலை கேட்டிருந்தார்கள். அந்த மாதிரித் துணி நிமியாவின் குடும்பம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே இருந்தது. கடைசி அறையில், ஒரு சுவர் முழுவதையும் மூலைக்கு மூலை மறைத்துத் தொங்கும் தடித்த கைத்தறித் துணி. சுவரின் ஈரத்தை மறைக்க வீட்டுக்காரர் எப்போதோ மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்த கட்டிலின் கால்மாட்டில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, மின்விசிறியைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து நாற்பது வினாடி எடுத்திருந்தாள். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

பதினோராவது கட்டத்தைப் பெரிதாக்கினாள். மார்பு உயரத்தில் துணி ஒரு புள்ளியில் முன்னால் தள்ளியிருந்தது. பின்னாலிருந்து யாரோ முழங்கையால் இடித்ததுபோல. காற்று இப்படி இடிக்காது. ஆனால் துணி ஆயிரம் விதமாக மடங்கும், அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு அதற்கு அடுத்ததைப் போட்டாள். தடுக்கல் போய்விட்டது. கம்பெனியில் தன் வேலையைச் சரிபார்க்கும் தெர்லிஸுக்கு அனுப்பினாள்.

மணி ஒன்றரை. பிப்ரவரி மாதம். மூன்று நாளாக வடக்குக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சூடான இரும்பின் வாசனையும் ஆற்றுச் சேற்றின் வாசனையும் கலந்து வீட்டுக்குள் வந்து நின்றன. சஹோனியா பகுதியில் அத்தனை வீட்டு ஜன்னல்களும் அடைபட்டு, தெரு முழுக்க மதியத் தூக்கத்தில் கிடந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. முற்றத்து மாமரத்தில் சில்வண்டுகள் மட்டும், ரம்பத்தால் தகரத்தை அறுப்பதுபோல, மூச்சுவிடாமல் கத்தின.

போன் அடித்தது. தெர்லிஸ்.

"நிமியா, யாரைப் பின்னாடி நிக்க வச்சு எடுத்த?"

"என்னது?"

"திரைக்குப் பின்னாடி. லிபோரியோ வந்துட்டானா? பாவம், ஆத்துல மாசக்கணக்கா கெடந்துட்டு வந்த புருஷனை இப்படியா வேலை வாங்குவ?"

"அவன் சரக்குப் படகோட கொன்செப்சியோனைத் தாண்டிப் போயிட்டான். வர இன்னும் ஒம்பது நாளாகும். பதினொண்ண மாத்திட்டேனே, பாக்கலியா?"

"பதினொண்ணு நல்லாத்தான் இருக்கு. அஞ்சைப் பாரு. பதினாலையும் பாரு." போனில் உறிஞ்சும் சத்தம் கேட்டது, ஐஸ் போட்ட மூலிகைத் தேநீர், தெரெரே, குடித்துக்கொண்டிருந்தான். "பயமுறுத்துற கேம்தான், ஒத்துக்கிறேன். அதுக்காக யாருகிட்டயும் சொல்லாம மூக்கெல்லாம் வைக்காத தாயே."

"மூக்கா?"

"மூக்குதான். இல்லேன்னா ஐஸ் தீந்து போனதுல எனக்குத்தான் மண்டை காஞ்சிருச்சோ என்னமோ. பாத்துட்டுச் சொல்லு."

ஐந்தாவது கட்டம். துணியின் மேற்பகுதியில் ஒரு மேடு. மேட்டின் இரு பக்கமும் இரண்டு குழிவுகள். ஈரத் துணியை முகத்தில் போர்த்தினால் எப்படி ஒட்டுமோ அப்படி. பதினாலாவதிலும் அதேதான், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வீடியோவை முழுசாகத் திறந்தாள். ஏறத்தாழ ஆயிரம் படங்கள். கெட்டவற்றைக் களைந்துவிட்டு மிச்சத்திலிருந்து புதிதாகப் பொறுக்குவோம் என்று, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கத் தொடங்கினாள். சில்வண்டுச் சத்தத்துக்கு அடியில், இரண்டு அறை தள்ளி, பழகிப்போன குரல் கேட்டது.

"இல்ல."

அது தோன் எலிகியோ. லிபோரியோவின் அப்பா. முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களை மேய்த்த மனிதர். அவர் கத்தினால் எதிர்க்கரையில் கேட்கும் என்பார்கள். மருமகளின் வேலை அவருக்கு எப்போதும் கேலிதான். "பொண்ணு உக்காந்து படம் ஒட்டுது, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொல்வார். அக்டோபரில் ஒரு காலை ரத்தக்குழாய் அடைத்து விழுந்தார். வலது பக்கம் முழுக்கச் செத்துப்போனது. பேச்சும் போனது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. சூப் கொடுத்தால் இல்ல. குளிப்பாட்டினால் இல்ல. விசிறியைப் போட்டாலும் இல்ல, அணைத்தாலும் இல்ல. ஆரம்பத்தில் அவள் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய், என்ன வேணும், எங்க வலிக்குது என்று கேட்டாள். டிசம்பருக்குள் அந்தச் சொல்லும் சில்வண்டு மாதிரி ஆகிவிட்டது. காதில் விழும், மனதில் ஏறாது. திரைச்சீலை தொங்கும் அந்தக் கடைசி அறைக்கு வந்ததிலிருந்து அவர் பகலிலும் தூங்கவில்லை, ராத்திரியும் தூங்கவில்லை. வியாதியால் வருவது என்றார் டாக்டர்.

ஞாயிறன்று கேமராவை நிறுத்தியபோதும் அவர் சொன்னார். இடது கையைத் தூக்கித் தூக்கிச் சொன்னார். "அஞ்சு நிமிஷந்தான், தோன் எலிகியோ" என்று சமாதானம் சொல்லிவிட்டு, வீடியோவில் அவர் குரல் எதற்கு என்று ஒலியை அணைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

அறுபது படத்துக்கு ஒன்று கெட்டிருந்தது. சில இடத்தில் எழுபதுக்கு ஒன்று. நடுவில் இருந்தவற்றில் துணி வெறும் துணிதான். கெட்டவற்றைப் பார்க்காமலேயே பிடுங்கித் தனியாக ஓரத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசிவரை போய்விட்டு எண்ணினாள்.

பதினாறு.

சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை. விரல்கள் பழக்கத்தில் தாமாகவே வேலையைத் தொடங்கிவிட்டன: காலியான பக்கம் ஒன்று, நான்குக்கு நான்கு கோடு, எடுத்த வரிசை மாறாமல் கெட்ட படங்கள் பதினாறும். ஓடவிட்டாள்.

துணிக்குப் பின்னால் யாரோ நடந்தார்கள்.

சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில், அடிமேல் அடியாக. முதல் கட்டத்தில் இடது மூலை. ஐந்தாவதில் ஜன்னல். பத்தாவதில் ஜன்னலைத் தாண்டியாயிற்று. முகம் முழுநேரமும் இந்தப் பக்கம் திரும்பியே இருந்தது. பதினாறாவதில் துணியின் வலது விளிம்பு. அந்த விளிம்பை உள்ளிருந்து சுற்றிப் பிடித்திருந்த நான்கு விரல்கள். பிறகு மறுபடி இடது மூலை.

பதினாறும் ஒன்றும் ஒட்டவில்லை. பயத்துக்கு முன்னால் அவள் கண்ணில் பட்டது அந்தத் தொழில் குறைதான். ஒட்டாது. இது சுற்றிச் சுற்றி வருகிற அசைவு இல்லை. ஓர் இடத்தில் கிளம்பி ஓர் இடத்துக்குப் போகிற அசைவு.

அந்த வலது விளிம்பை ஒட்டித்தான் கட்டிலின் தலைமாடு.

அவள் எழுந்தாள். மூன்று அறைகளும் வரிசையாக முற்றத்தைப் பார்த்துத் திறப்பவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெயிலில் இறங்கித்தான் ஆக வேண்டும். செங்கல் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. கடைசி அறையின் கதவைத் தள்ளியபோது மருந்தும் வியர்வையும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்த வாசனை முகத்தில் அடித்தது. விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. திரைச்சீலை ஆடாமல் தொங்கியது.

தோன் எலிகியோ அவளைப் பார்க்கவில்லை. தலையணையிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருந்த துணியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றார். தாழ்ந்த குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு. வழிமறித்து நிற்கிற ஒருவனிடம் சொல்வதுபோல.

இத்தனை நாளும் அவர் தன்னிடம்தான் அதைச் சொல்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

இடது மூலைக்குப் போய்த் துணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வளையங்கள் கிறீச்சிட்டன. ஒன்றுமில்லை. அடைத்த ஜன்னல், அதன் இரும்புக் கம்பி, செத்த பூச்சிகள். சுவருக்கும் துணிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிகூட இல்லை. ஆள் நிற்க வழியே இல்லை. ஆனால் சுவரில், அவள் தோள் உயரத்தில், பூசணமும் சுண்ணாம்பும் தேய்ந்து ஒரு பட்டை ஓடியது. யாரோ முதுகை உரசிக்கொண்டு நாள்தோறும் நகர்ந்து நகர்ந்து போனதுபோல. இடது மூலையில் தொடங்கி, ஜன்னலடியில் தாழ்ந்து, மறுபக்கம் ஏறி, தலையணைக்கு நேராக முடிந்தது.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த இடது கையில் இன்னும் துறைமுகத்துப் பலம் இருந்தது.

"யாரு? யாரைப் பாத்தீங்க, தோன் எலிகியோ?"

"இல்ல."

"இப்ப இருக்காங்களா? இங்கயா?"

"இல்ல. இல்ல. இல்ல." கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

அவரிடம் வேறு சொல் இல்லை. இருந்த ஒரே சொல்லையும் அவள் நான்கு மாதமாகக் கேட்கவில்லை.

துணியைக் கழற்றிச் சுருட்டினாள். மறைப்பு போனதும் ஜன்னல் பலகை இடுக்குகளில் வெயில் கத்தியாகப் பாய்ந்து அவர் கண்ணில் விழுந்தது. இடுக்குகளைச் செய்தித்தாளால் அடைத்தாள். அறை இருண்டது. இரும்புக் கட்டிலைத் தனியாக நகர்த்த முடியாது; அவரை முதுகில் ஏற்றவும் இன்னொரு ஆள் வேண்டும். நாற்பத்தோரு டிகிரி வெயிலில் அவரை முற்றத்தில் கிடத்தவும் முடியாது. முக்காலியில் கேமரா இன்னும் நின்றது. அதைக் கட்டிலைப் பார்க்கத் திருப்பி, ஓடவிட்டாள்.

"இது பாத்துக்கிட்டே இருக்கும். நான் ஆளைக் கூட்டிக்கிட்டு வரேன். சரியா? தோ, வந்துட்டேன்."

துணியை முற்றத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஏன் அதை நனைக்கத் தோன்றியது என்று தெரியவில்லை. மதில் மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ஞா செர்வியானா. காலையில் அவரைக் குளிப்பாட்டும்போது வந்து கைகொடுப்பவள்.

"இந்த வெயில்ல துணி ஊறப்போட உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"நீங்க தூங்கலியா, ஞா செர்வியானா?"

"எங்கடி தூங்க விடுறாரு உன் மாமனாரு. ஒரு வாரமா இதே நேரத்துக்குச் சண்டை."

"சண்டையா?"

"நேத்து நீ சந்தைக்குப் போயிருந்தப்போ உச்சக்கட்டம். இல்ல, இல்லன்னு அவரு ஒரே பிடியா நிக்கிறாரு. சரி, லிபோரியோ வந்துட்டான், அப்பனும் மவனும் ஏதோ மனத்தாங்கலைப் பேசித் தீக்கட்டும்னு நான் குறுக்க வரல."

"லிபோரியோ வரல."

ஞா செர்வியானா கையிலிருந்த விசிறியை நிறுத்தினாள். "அப்போ அவருகூடப் பேசுனது யாரு?"

தொட்டியில் தண்ணீர் நிரம்பும் சத்தம்.

"என்ன பேசுனாங்க?" நிமியாவுக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை.

"வார்த்தை எனக்குப் புரியல. ரொம்ப மெதுவான குரல், ஆணா பொண்ணான்னுகூடத் தெரியல. ஒரே கேள்வியத் திருப்பித் திருப்பிக் கேக்குற மாதிரி இருந்துச்சு. கெஞ்சுற மாதிரி. அவரு ஒவ்வொரு தடவையும் இல்லன்னாரு." அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "என்னடி நடக்குது உங்க வீட்ல?"

"அவரை என் ரூமுக்கு மாத்தணும். கட்டிலோட. இப்பவே."

"நீயும் நானும் அந்தக் கட்டிலைத் தூக்கவா? இரு. மருமவன் முன்னறையில தூங்குறான், எழுப்பிக் கூட்டியாறேன். பத்து நிமிஷம். அதுவரைக்கும் அவருகிட்ட போய் உக்காரு."

உட்காரத்தான் போனாள். இருட்டில் கண் பழகும்வரை கால்மாட்டிலேயே நின்றாள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் போர்வைக்குள் அமைதியாகத்தான் படுத்திருந்தார். முகம் இந்தமுறை சுவர்ப்பக்கம் இல்லை, மறுபக்கம், கட்டிலின் உள்பக்கம் திரும்பியிருந்தது. கேமராவின் சிவப்புப் புள்ளி மின்னியது. கால்மணி நேரம் ஓடியிருக்கும். பார்த்துவிட்டால் மனது அடங்கும், ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் உட்கார்ந்துகொள்ளலாம். கேமராவிலிருந்து கார்டை உருவிக்கொண்டு தன் அறைக்கு ஓடினாள்.

கால்மணி நேர வீடியோவை யார் உட்கார்ந்து பார்ப்பது? நிமிடத்துக்கு ஒன்றாகப் படம் பிடுங்கினாள். பதினாறு. நான்குக்கு நான்கு. அடுக்கினாள்.

முதல் வரிசை. சாம்பல் நிற இருட்டு, கட்டில், போர்வைக்குள் ஒரு உடல், வெளியே நீட்டிய இடது கை. முகம் சுவரைப் பார்த்து. நான்கு கட்டமும் ஒன்றுபோல. அவள் மூச்சுவிட்டாள்.

இரண்டாம் வரிசை. போர்வையின் மறுபக்கம், கால்மாட்டில், ஒரு சிறு மேடு. கால் மடங்கியிருக்கலாம். வலது காலா? அது மடங்காது.

மூன்றாம் வரிசை. மேடு இடுப்புவரை வந்திருந்தது. பிறகு மார்புவரை.

நான்காம் வரிசையில் போர்வைக்குள் இரண்டு உடல்கள் இருந்தன. ஒரே நீளம். பக்கத்தில் பக்கத்தில். தோன் எலிகியோவின் முகம் சுவரிலிருந்து திரும்பியிருந்தது. பக்கத்துத் தலையணையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அங்கே போர்வை மூக்கின் மேல் படிந்திருந்தது.

பதினாறாவது கட்டம். அதன் ஓரத்தில், இருட்டில், கால்மாட்டில் நிற்கும் ஒரு பெண்ணின் தோள்.

அவள்தான்.

அப்போது அவள் அங்கேதான் நின்றிருந்தாள். அந்தக் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி.

சட்டென்று வீடே அமைதியானது. மின்சாரம் போய்விட்டது, அந்த வெயிலில் அடிக்கடி போகும். எல்லா விசிறியும் ஒரே நேரத்தில் நின்றன. சில்வண்டும் ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில், இரண்டு அறை தள்ளி, தோன் எலிகியோவின் குரல் தெளிவாகக் கேட்டது. களைத்துப்போன குரல்.

"ஆமா."

அவள் ஓடினாள்.

செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. செங்கல் உள்ளங்காலைப் பொசுக்கியது. வெள்ளை வெயிலிலிருந்து அறைக்குள் பாய்ந்ததும் கண் குருடானது. கறுப்பு. கறுப்புக்குள் பச்சைப் புள்ளிகள். கையால் தடவிக் கட்டில் விளிம்பைப் பிடித்தாள். போர்வையைத் தொடவில்லை. பார்க்கக் கூடாது. தூக்கு. வெளியே போ. அவ்வளவுதான்.

குளிப்பாட்டக் கொண்டுபோகத் தினமும் காலையில் செய்வதுதான். கட்டிலுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள்.

"என்னைப் பிடிச்சுக்கோங்க. சீக்கிரம்."

கை தோள்மேல் வந்தது. முதுகில் எடை சாய்ந்தது. பின்னால் கைவிட்டு இரண்டு முழங்காலையும் வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழும்ப முடிந்தது. எப்போதையும்விட எளிதாக. பாவம், சாப்பிடாமல் இப்படி மெலிந்துவிட்டார் என்று ஒரு நினைப்பு ஓடியது. கதவு. படி. வெயில்.

"அவ்வளவுதான், தோன் எலிகியோ. வந்துட்டோம். ஞா செர்வியானா வராங்க."

பின்கழுத்தில் மூச்சு பட்டது. அந்த வெயிலிலும் அது குளிர்ந்திருந்தது.

மூன்றடி. ஐந்தடி. முற்றத்தின் நடுவுக்கு வந்துவிட்டாள். மதிலுக்கு அப்பால் ஞா செர்வியானா தன் மருமகனை எழுப்பும் குரல் கேட்டது. எழுந்திரு, எழுந்திரு, சீக்கிரம். இன்னும் கொஞ்சம்தான்.

அப்போதுதான் தன் கைகளை உணர்ந்தாள். இரண்டும் கீழே, முழங்கால்களைத் தாங்கிக்கொண்டிருந்தன.

தினமும் அவரைச் சுமக்கும்போது அவளுடைய ஒரு கை எப்போதும் மேலேதான் இருக்கும். செத்துப்போன அந்த வலது கை தானாக நிற்காது. அதன் மணிக்கட்டைத் தன் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொள்வாள், இல்லாவிட்டால் அவர் சரிந்துவிடுவார். இன்றைக்கு அவள் எதையும் பிடிக்கவில்லை.

சரியவில்லை.

அவள் மோவாய்க்குக் கீழே இரண்டு கைகள் இருந்தன. இரண்டும் உயிரோடு. இரண்டும் இறுக.

நின்றாள். மெல்லத் திரும்பினாள். திரும்பும்போது முதுகிலிருந்த எடையும் கூடவே திரும்பியது.

திறந்துவிட்டு வந்த கதவு வழியாக வெயில் கட்டில்வரை நீண்டிருந்தது. போர்வையின் ஒரு பாதி விலக்கப்பட்டு, கீழே காலியான விரிப்பு தெரிந்தது. மறுபாதிக்குள் தோன் எலிகியோ மல்லாந்து படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பின் மேல் இடது கை, ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

தூங்கிக்கொண்டிருந்தார். ஆழ்ந்து, குறட்டை விட்டு, நான்கு மாதத் தூக்கத்தையும் ஒரேயடியாகத் தூங்குகிறவர்போல. முகத்தில் ஒரு கவலை இல்லை.

கொதிக்கும் செங்கல் மேல், வெள்ளை வெயிலில், அவள் அசையாமல் நின்றாள்; மோவாய்க்குக் கீழே அந்த விரல்கள் அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, தமக்குள் கோத்துக்கொண்டன.